அம்புக்குறி தாங்கிய குதிரைகள்

நுழையும்முன்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் போற்றும் மொழி நம்முடையது. பிற உயிரின் துன்பம் கண்டு இரங்குதல் எளிது. அவ்விரக்கத்தை நாள்தோறும் தொடரும் பணியாக மாற்றுதல் அரிது. போர் முடிந்தபின் மறக்கப்பட்ட குதிரைகளைத் தேடிச்சென்ற டோரதி புரூக் அம்மையாரின் வாழ்க்கை, அந்த அரிய செயலை நமக்குக் காட்டுகிறது.

போர்க்களத்தில் குதிரைகள்

முதல் உலகப்போர் (1914–1918) என்றதும் பீரங்கிகளும் பதுங்கு குழிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சினாய்ப் பாலைவனத்திலும் பாலஸ்தீனத்திலும் நடந்த போரில் குதிரைகளின் பங்கு மிகப் பெரிது. 1917 அக்டோபர் 31 அன்று ஆஸ்திரேலியக் குதிரைவீரர்கள் பீர்ஷெபா நகரைக் கைப்பற்றினர். 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர், மைசூர் குதிரைப்படையினர் ஹைஃபா நகரை வென்றனர். கடும் வெயிலிலும் மணற்புயலிலும் நீரின்றி நெடுந்தொலைவு நடந்த குதிரைகள் இல்லையேல் இவ்வெற்றிகள் இல்லை.

போர் முடிந்தது. வீரர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினர். குதிரைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவற்றைக் கப்பலில் ஏற்றிச்செல்லப் பெருஞ்செலவாகும். அவற்றோடு நோய் பரவிவிடும் என்ற அச்சமும் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து போருக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,36,000 குதிரைகளுள் தாயகம் திரும்பியது சாண்டி என்னும் ஒரே ஒரு குதிரைதான். பாலைவனப் போரில் ஈடுபட்ட குதிரைகளுள் சில சுட்டுக் கொல்லப்பட்டன. சில வேறு படைகளுக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ 20,000 குதிரைகள் எகிப்தில் விற்கப்பட்டன. போர்க்களத்தை விட்டு நீங்கிய அவை பாரவண்டிகளில் பூட்டப்பட்டன.

கெய்ரோவில் கண்ட காட்சி

டோரதி 1883ஆம் ஆண்டு பிறந்தவர். குதிரைகள்மீது இளமை முதலே ஈடுபாடு கொண்டவர். அவருடைய கணவர் ஜெஃப்ரி புரூக், பிரிட்டன் குதிரைப்படையின் உயர் அலுவலர். 1930ஆம் ஆண்டு கணவருக்கு எகிப்தில் பணி அமைந்தபோது, டோரதியும் கெய்ரோ நகருக்கு வந்து சேர்ந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட போர்க்குதிரைகள் என்னவாயின என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அவற்றுள் ஒன்றுகூட இன்று உயிரோடு இராது என்றே பலரும் கருதினர். டோரதி அதனை ஏற்காமல் தேடத் தொடங்கினார். விலங்குநல அமைப்பு ஒன்றின் மருத்துவமனையில் எலும்பும் தோலுமாய் நின்ற ஒரு முதிய குதிரையைக் கண்டார். ஓல்டு பில் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அக்குதிரை, முன்னாள் படைக்குதிரையே. பிரிட்டன் படைக்குரிய குதிரைகளின் தோலில் அம்புக்குறி ஒன்று சூட்டுக்கோலால் பொறிக்கப்படுவது வழக்கம். அந்தக் குறியைக் கொண்டு தேடியபோது, கெய்ரோவின் தெருக்களில் மேலும் பல குதிரைகள் கண்ணில் பட்டன. அவற்றின் கால்கள் வீங்கியிருந்தன. முதுகில் சேணம் உராய்ந்த புண்கள் ஆறாதிருந்தன. சிலவற்றுக்குக் கண்பார்வையும் போயிருந்தது.

ஒரு மடலின் ஆற்றல்

ஒருவர் கைப்பொருளால் முடிகின்ற பணியன்று இது என்பதை டோரதி உணர்ந்தார். 1931 ஏப்ரல் மாதம், லண்டனிலிருந்து வெளிவந்த மார்னிங் போஸ்ட் நாளிதழுக்கு மடல் ஒன்று எழுதினார். நாட்டுக்காக உழைத்த குதிரைகள் அயல்நாட்டில் படும் துன்பத்தை அதில் எடுத்துரைத்து, அவற்றை விலைகொடுத்து மீட்கப் பொருளுதவி வேண்டினார். மடலைப் படித்தோர் உள்ளம் உருகியது, நன்கொடைகள் குவிந்தன.

டோரதி ஒரு குழுவை அமைத்தார். குதிரை வைத்திருப்போர் அவற்றைக் கொண்டுவந்தனர். குழுவினர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து விலைபேசி வாங்கினர். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகள் மீட்கப்பட்டன.

கருணையின் கடினமான முடிவு

மீட்ட குதிரைகளை என்செய்வது? அவற்றுள் பெரும்பாலானவை முதுமையாலும் நோயாலும் நலிந்து, குணப்படுத்த இயலாத நிலையில் இருந்தன. அவற்றை உயிரோடு வைத்திருப்பது வலியை நீட்டிப்பதாகவே அமையும். எனவே, டோரதி ஒரு கடினமான முடிவை மேற்கொண்டார். தூய வைக்கோல் பரப்பிய லாயத்தில் அவற்றுக்கு இடமளித்து, வயிறார உணவும் நீரும் தந்து ஓய்வெடுக்கச் செய்தார். அதன்பின் வலியின்றி அவற்றின் உயிர் பிரிய ஏற்பாடு செய்தார்.

குதிரை நின்றவாறே கண்ணயரும் இயல்புடையது. எனினும், ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தாக வேண்டும். பல்லாண்டுகளாக ஓய்வறியாத அக்குதிரைகளுக்கு, மெத்தென்ற வைக்கோலில் படுக்கக் கிடைத்த வாய்ப்பே பெரும்பேறாயிற்று. காப்பாற்றுதல் என்பது எப்போதும் உயிரை நீட்டிப்பதன்று. துன்பத்தைப் போக்குவதும் காப்பாற்றுதலே என்பதை டோரதி அறிந்திருந்தார். அந்த அறிவின் சுமையையும் அவரே தாங்கினார்.

வறுமையே காரணம்

குதிரைகளின் நிலைகண்டு வருந்துவோர், அவற்றை வைத்திருந்தோரைப் பழிப்பது எளிது. டோரதி அவ்வாறு பழிக்கவில்லை. வண்டியோட்டிகளுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலியால் குடும்பத்தைக் காத்த ஏழைகள். குதிரை ஒருநாள் ஓய்ந்தால் அன்று அடுப்பெரியாது. விலங்கையும் மனிதனையும் ஒரே வறுமைதான் வாட்டியது. எனவே, அவர் குதிரைகளைப் பறித்துச் செல்லவில்லை. விலை கொடுத்தே பெற்றார்.

இந்தப் புரிதல் அவருடைய பணியை அடுத்த கட்டத்திற்கு உயர்த்தியது. போர்க்குதிரைகள் ஒருநாள் இல்லாமற்போகும். ஆனால், அம்புக்குறி இல்லாத எண்ணற்ற குதிரைகளும் கழுதைகளும் அதே தெருக்களில் அதே சுமையை இழுத்துக்கொண்டிருந்தன. தம் நாட்டுக் குதிரைகளை மீட்டதோடு கடமை முடிந்தது என்று அவர் எண்ணியிருந்தால், அவரைக் குறைகூறுவார் எவருமில்லை. அவர் அவ்வாறு எண்ணவில்லை. 1934ஆம் ஆண்டு கெய்ரோவில் முதிய போர்க்குதிரைகள் நினைவு மருத்துவமனையை நிறுவினார். எகிப்தின் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்குக் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கப்பட்டது.

மீட்டலும் நலம்பெறச் செய்தலும்

நலிந்த குதிரையைத் தேற்றுவதற்கு அன்போடு அறிவும் பொறுமையும் தேவை. பட்டினியால் மெலிந்த குதிரைக்குத் திடீரென மிகுதியாகத் தானியம் கொடுத்தால், அது உயிருக்கே கேடாகலாம். உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தே அதன் உடலைத் தேற்ற வேண்டும். குளம்பு நகத்தைப்போல வளர்ந்துகொண்டே இருப்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். பற்கள் ஒழுங்கின்றித் தேய்ந்தால் குதிரையால் தீனியை மெல்ல இயலாது. அவற்றை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். சேணப்புண்ணுக்கு மருந்திட்டால் மட்டும் போதாது. உராயும் சேணத்தையும் சரிசெய்தல் வேண்டும். இல்லையேல், ஆறிய புண் மறுநாளே திறந்துகொள்ளும். நோயின் காரணத்தை நீக்காத மருத்துவம் பாதி மருத்துவமே.

தொடரும் பணி

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் டோரதி கெய்ரோவில் காலமானார். அவருடைய உடல் அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் தொடங்கிய மருத்துவமனை, பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிய உலகளாவிய தொண்டு நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் செங்கல் சூளைகளில் சுமை இழுக்கும் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் அதன் பணி எட்டியுள்ளது. அவற்றை வளர்ப்போருக்கு விலங்குப் பராமரிப்புக் கற்பிக்கப்படுகிறது.

அம்புக்குறி பொறித்த கடைசிக் குதிரை மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால், அக்குறியைத் தேடிச்சென்ற டோரதியின் கண்கள், குறி ஏதும் இல்லாத குதிரைகளையும் கண்டன. தமக்குரியவற்றின்மீது கொண்ட பரிவு, உரிமையின் எல்லையைக் கடந்து எல்லா உயிர்க்கும் உரியதாயிற்று. அவருடைய வாழ்வின் பெருமை இதுவே.