தாத்தா வீட்டுக் கடன்

நம் கும்பகோணம் கல்லூரியில் படித்த எல்லோருக்குமே தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் ஒரு வகையில் சொந்தக்காரர்தான். அவர் ஏடு தேடி அலைந்த கதையை நமக்கு வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் அடுப்பு எரிந்த கதையை யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு 'என் சரித்திரம்' நூலை முழுசாகப் படித்தபோதுதான் அது கிடைத்தது.

பிறந்தது 1855-ல், சொந்த ஊர் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். பெரிய வித்தைதான்; ஆனால் வித்தை மாதாமாதம் சோறு போடுமா? இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பிரசங்கம் செய்து, ஊரார் கொடுப்பதில் குடும்பம் நடந்தது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று மூட்டை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பாதி பிழைப்புக்காக, மீதி, பையனுக்குத் தமிழ் சொல்லித்தர அந்த ஊரில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக! ஊருக்கு ஊர் புது அடுப்பு மூட்டிய அந்த அம்மாளை நினைத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் படித்தால் இவ்வுலகம், ஸம்ஸ்கிருதம் படித்தால் மறுவுலகம், தமிழால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

1868-ல், பதின்மூன்று வயசில், கல்யாணம். கூடவே கடன். பிற்பாடு காரை என்ற ஊரில் திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்துதான் அதை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என்னை இந்தக் கல்லூரியில் சேர்க்க என் அப்பாவும் கடன் வாங்கினார். யாரிடம், எவ்வளவு என்று கடைசி வரைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தபோதும், பாடத்துக்கு வழி இருந்தது. பையன் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. பிள்ளையவர்களே கடனில் இருந்தவர். 1876-ல் அவரும் போய்விட்டார்.

1880 பிப்ரவரியில், ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் சிபாரிசு செய்ய, நம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. சம்பளம் 50 ரூபாய். அதே வருஷம் அக்டோபரில்தான் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார். அந்த ஐம்பது ரூபாய் இல்லாமல் இருந்திருந்தால், முதலியார் கேட்ட நேரத்தில் அவர் ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் புராணம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார் என்பது என் கட்சி. சிந்தாமணி 1887-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் வெளிவந்தபோது அவர் இங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1903-ல்தான் சென்னைக்குப் போனார்.

1940-ல், எண்பத்தைந்தாவது வயசில், ஆனந்த விகடனில் இதையெல்லாம் ஊரறிய எழுதத் தொடங்கினார். புலம்பல் கிடையாது, மறைப்பும் கிடையாது. 1942-ல் அவர் மறைந்தபோது சரித்திரம் பாதியில் நின்றது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: தடிப் புத்தகம்தான், பயப்பட வேண்டாம். ஏடு தேடும் பகுதிக்கு நேரே தாவிவிடாமல், அதற்கு முன்னால் வருகிற ஊர்களில் கொஞ்சம் தங்கிவிட்டுப் போங்கள்.