ஹெலன் அணியாத நகைகள்

1870களில் எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தொல்லியல் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இருபது வயதைச் சற்றே தாண்டிய ஒரு கிரேக்கப் பெண். நெற்றியை மறைத்துக்கொண்டு மெல்லிய பொற்சங்கிலிகள் வரிசையாய்த் தொங்குகின்றன. இரு கன்னத்தின் ஓரமாகவும் நீண்ட சங்கிலிகள் தோள்வரை இறங்குகின்றன. காதில் தொங்கட்டான், கழுத்தில் அடுக்கடுக்காய் மணிமாலை. அவர் பெயர் சோபியா. அந்த நகைகளை அவருக்கு அணிவித்துப் படம் எடுப்பித்தவர் அவருடைய கணவர் ஹைன்றிக் ஷ்லீமான். ஹோமரின் காவியத்தில் வரும் ட்ரோய் நகரத்து மன்னன் பிரியாமின் புதையல் இது என்று ஷ்லீமான் அறிவித்தார். எந்தப் பெண்ணுக்காக அந்தப் போர் நடந்ததாகக் காவியம் சொல்கிறதோ, அந்த ஹெலனின் நகைகள் என்ற பெயரும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டது.

ஹோமர் பாடிய போர் நடந்திருந்தால், அது கி.மு. 13ஆம் அல்லது 12ஆம் நூற்றாண்டில் நடந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. சோபியா அணிந்திருந்த நகைகளோ கி.மு. 2400ஐ ஒட்டிய காலத்தவை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வித்தியாசம். பழைய நகைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஷ்லீமானின் கதைக்கே நான் திரும்பி வருவது இதனால்தான். பொன் உண்மையானது, வேலைப்பாடு உண்மையானது, பழமையும் உண்மையானது. அதன்மேல் எழுதிய பெயர் மட்டும் பொய்.

ஷ்லீமான் 1822இல் வடஜேர்மனியில் ஓர் ஏழைப் பாதிரியாருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுப் பலசரக்குக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, உப்பும் மீனும் நிறுத்துக் கொடுத்தார். 1841இல் தென்னமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கப்பல் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் உடைந்தது. உயிரோடு கரையேறியவர் அம்ஸ்ரடாமில் எழுதுவினைஞரானார். கிடைத்த நேரமெல்லாம் மொழி படித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ரஷ்யன் என்று வரிசையாகப் பிடித்தார். ரஷ்ய மொழி தெரிந்ததால் 1846இல் வியாபார நிறுவனம் அவரைச் சென் பீற்றர்ஸ்பேர்க்குக் அனுப்பியது. அங்கே அவுரி நீல வியாபாரத்தில் பணம் கொழித்தது. பின்னர் கிரிமியப் போர் வந்தபோது வெடியுப்பும் ஈயமும் விற்று இன்னும் பெரிய செல்வந்தரானார். போர் சிலரை அகதியாக்கும், சிலரைக் கோடீஸ்வரராக்கும். அவர் இரண்டாவது வகை.

இடையில் ஓர் ஆண்டு அளவில் அவர் கலிபோர்னியாவில் இருந்தார். தங்கம் தோண்டப் போன கூட்டத்தோடு அவர் மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. 1851இல் சக்ரமென்ரோ நகரில் ஒரு வங்கி திறந்து, தொழிலாளர்கள் ஆற்றில் அரித்துக் கொண்டுவந்த பொற்துகளை நிறுத்து வாங்கினார். அவர் அனுப்பிய பொற்பொதிகளில் எடை குறைகிறது என்ற முறைப்பாடும் எழுந்தது. ஆக, தொல்லியலுக்கு வருமுன்பே அவருக்குப் பொன் தெரியும். அதன் நிறையும் விலையும் தெரியும். ஒரு பொற்துண்டு எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது என்பதைக் குறித்துவைக்கும் பழக்கம்தான் வரவில்லை.

நாற்பதைக் கடந்ததும் வியாபாரத்தை விட்டு உலகம் சுற்றினார். 1868இல் துருக்கியின் வடமேற்குக் கரையில் ஹோமரின் நகரத்தைத் தேடி வேறொரு மேட்டைக் கிண்டிப் பார்த்து ஏமாந்தார். அப்போது பிராங் கல்வேர்ட் என்பவர் ஹிசார்லிக் என்ற மேட்டைக் காட்டினார். அந்த மேட்டின் ஒரு பகுதி கல்வேர்ட்டின் சொந்த நிலம். அவர் அங்கே ஏற்கெனவே சிறு அளவில் அகழ்ந்தும் இருந்தார். பிற்காலத்தில் புகழ் எல்லாம் ஷ்லீமானுக்குப் போனது. கல்வேர்ட்டின் பெயர் அடிக்குறிப்பாயிற்று. 1869இல் ரஷ்ய மனைவியை அமெரிக்க நீதிமன்றமொன்றில் விவாகரத்துச் செய்துவிட்டு, ஏதென்ஸில் பதினேழு வயதுச் சோபியாவை மணந்தார். அப்போது அவருக்கு வயது 47.

ஹிசார்லிக் மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்களின் அடுக்குகள் இருந்தன. ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிய ஷ்லீமான், 1871 முதல் 1873 வரை மேட்டின் நடுவே பெரிய அகழியை வெட்டிக்கொண்டு இறங்கினார். வழியில் வந்த சுவர்களை இடித்து எறிந்தார். அவர் தேடிய காலத்து நகரம் மேலடுக்குகளில்தான் இருந்தது. அதன் ஒரு பகுதியைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, கீழே இரண்டாவது நகரத்தில் போய் நின்றார். 1873 மே மாத முடிவில், மதிலருகே செம்பு மின்னியது.

அங்கிருந்து வந்தவற்றைச் சொன்னால் எந்த நகைக்கடைக்காரரும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். இரண்டு பெரிய நெற்றியணிகள், ஆறு காப்புகள், 60 தோடுகள், 8,700க்கு மேற்பட்ட சிறு மணிகளும் வளையங்களும், இரு பக்கமும் வாய் வைத்த 600 கிராம் பொற்பாத்திரம் ஒன்று, வெள்ளிக் குடங்கள், செம்புக் கோடரிகள். நெற்றியணிகளில் பெரியதில் மட்டும் 90 சங்கிலிகள், 16,000க்கு மேற்பட்ட பொற்துண்டுகள். ஒவ்வொரு வளையத்தையும் பொடி வைத்து ஊதி மூடி, நீட்டி மடித்து, அடுத்த வளையத்துக்குள் நுழைத்துப் பின்னியிருக்கிறார்கள். இரும்புக் கருவி புழக்கத்துக்கு வருமுன் செய்த வேலை இது.

தொழிலாளர்களுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டுத் தான் கத்தியால் தோண்டி எடுத்ததாகவும், சோபியா அவற்றைத் தன் சால்வையில் பொதிந்து கொண்டுபோனதாகவும் ஷ்லீமான் எழுதினார். சோபியா அன்று அங்கே இல்லை. தந்தை இறந்ததால் அவர் ஏற்கெனவே ஏதென்ஸ் போய்விட்டார். இந்த ஒரு பொய் பிடிபட்டபிறகு மற்ற எல்லாவற்றின்மேலும் சந்தேகம் படர்ந்தது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நாட்களில் கிடைத்தவற்றை ஒரே புதையலாகச் சேர்த்துவிட்டாரா? பத்தர் ஒருவரைப் பிடித்துப் புதிதாகச் செய்வித்தாரா? பிரதிகள் செய்வதைப் பற்றி அவர் பாரிஸிலிருந்த தன் முகவரிடம் விசாரித்தது உண்மை என்பதால், இரண்டாவது கேள்வி நீண்டகாலம் உயிரோடு இருந்தது.

இதில்தான் நகை அடையாளம் காணும் தொழிலின் கஷ்டம் தெரிகிறது. பொன்னில் கரி இல்லை. கரிம முறையில் அதன் வயதைக் கணிக்க வழியில்லை. உரைகல் மாற்றைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. ஆகவே அறிஞர்கள் வேலையைப் பார்க்கிறார்கள். இன்றைய கம்பி அச்சுத் தட்டின் துளை வழியே இழுத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீளவாட்டில் நேர்கோடுகள் தெரியும். பழங்காலத்துக் கம்பி தட்டியோ, தகட்டு நறுக்கை முறுக்கியோ செய்யப்பட்டது. முறுக்கிய தடம் சுற்றிச்சுற்றிப் போகும். ஆற்றுமணலில் அரித்தெடுத்த பொன்னில் உருகாத கடினமான வெண்புள்ளிகள் தங்கியிருக்கும். தோட்டின் கொக்கி உராய்ந்து தேய்ந்த இடம் இருக்கும். வாங்குபவரை ஏமாற்றச் செய்த போலியில் தேய்வு பெரும்பாலும் வெளியே, கண்ணுக்குப் படும் இடத்தில்தான் இருக்கும். அணிந்து தேய்ந்த நகையில் அது உள்ளே, தோலும் வளையமும் உரசும் இடத்தில் இருக்கும். 1994இல் பேர்லின் வல்லுநர்கள் ஷ்லீமானின் நகைகளை நேரில் பார்த்து அவை உண்மையானவை என்று உறுதிப்படுத்தினார்கள். ஆனால் எது எதோடு கிடந்தது, எந்த ஆழத்தில், எந்தச் சுவருக்கு அருகில் என்பவற்றை இனி எந்தக் கண்ணாடியாலும் படிக்க முடியாது. அதைக் குறித்திருக்க வேண்டிய ஒரே மனிதர் கதை எழுதிவிட்டார்.

அதே 1873இல், ஷ்லீமானுக்குத் தெரியாமல் அவருடைய தொழிலாளர்கள் வேறொரு சிறு புதையலைக் கண்டெடுத்துத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோடும் தொங்கட்டானும் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மற்றப் பெண்களுக்குப் பொறாமை வந்து, செய்தி அதிகாரிகளிடம் போனது. இன்னொருவர் தன் பங்கை ஊர்ப் பத்தரிடம் கொடுத்து உருக்கி, அந்நாளைய நாகரிகத்தில் புது நகை செய்துவிட்டார். மீட்கப்பட்டவை இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உருகியது போனதுதான். அவரைக் கள்வன் என்று ஷ்லீமான் எழுதியது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். ஒஸ்மானிய அரசின் அனுமதிப்படி பாதியை ஒப்படைக்க வேண்டியவர், முழுவதையும் ஏதென்ஸுக்குக் கடத்திக்கொண்டு போயிருந்தார்! ஒஸ்மானிய அரசு வழக்குப் போட்டது. 1875இல் 50,000 பிராங் கொடுத்து விடயத்தை முடித்தார். நகைகள் சில ஆண்டுகள் லண்டனில் காட்சிக்கு இருந்தன. 1881இல் அவற்றை ஜேர்மன் மக்களுக்கு நன்கொடையாகக் கொடுத்து, பேர்லின் நகரின் கௌரவக் குடிமகனானார்.

1876இல் கிரேக்கத்தின் மைசீனேயில் அவர் திறந்த கல்லறைகளில் பொன் முகமூடிகள் கிடைத்தன. அங்கும் ஒன்றுக்கு அகமெம்னோன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கும் சில நூற்றாண்டுப் பிழை. மகனுக்கே அகமெம்னோன் என்று பெயரிட்ட மனிதர் அவர். எனினும் அங்கே கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்தமாதாகிஸ் மேற்பார்வையாளராக நின்று சண்டை பிடித்துக் குறிப்பெடுத்ததால், மைசீனேப் பொன்னுக்கு முகவரி தப்பியது. ஸ்தமாதாகிஸைப் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

1890 டிசம்பரில், காதில் செய்த சத்திரசிகிச்சை ஆறாத நிலையில், ஷ்லீமான் நேப்பிள்ஸ் நகரத் தெருவில் சுருண்டு விழுந்தார். பேச்சு நின்றுவிட்டது. யார் எவரென்று தெரியாததால் அவரை எங்கே சேர்ப்பது என்று அங்குமிங்கும் கொண்டு அலைந்தார்கள். மறுநாள், 26ஆம் திகதி, இறந்தார். பத்துக்கு மேற்பட்ட மொழிகள் தெரிந்தவர் தன் பெயரைச் சொல்ல முடியாமல் கிடந்தார்.

அவர் நேசித்த பொன்னுக்கு இன்னொரு போர் காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் நகைகளைப் பெட்டிகளில் அடைத்து, பேர்லின் மிருகக்காட்சிச்சாலை அருகே இருந்த கொங்கிரீட் விமான எதிர்ப்புக் கோபுரத்தில் வைத்தார்கள். 1945 மே மாதத்தில், சூறையாடப்பட்டுவிடும் என்று அஞ்சி அங்கேயே காவலிருந்த அருங்காட்சியக இயக்குநர் உன்வெர்ட்சாக்ற், பெட்டிகளைச் செம்படை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அவை மொஸ்கோவுக்குப் போயின. அதன்பின் மௌனம். உருகிவிட்டது, தொலைந்துவிட்டது என்றே உலகம் நினைத்தது. தங்களிடம் இருப்பதாக ரஷ்யா 1993இல்தான் ஒத்துக்கொண்டது. 1996இல் புஷ்கின் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஜேர்மனி கேட்கிறது, துருக்கி கேட்கிறது, ரஷ்யா தன் போர் இழப்புக்கு ஈடு என்கிறது. பேர்லின் நொய்ஸ் அருங்காட்சியகத்தில் நான் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த நெற்றியணி ஒரு பிரதி.

எங்கள் போரில் கைப்பற்றப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்த செய்தியைப் படித்தபோது, என் மனம் இந்தப் பெட்டிகளுக்குத்தான் போனது. நிறை சொல்லலாம், மாற்றுச் சொல்லலாம். தாலிக்கொடியின் எந்தக் கண்ணியை எந்தப் பத்தர் பொடி வைத்து ஒட்டினார், எந்தக் காப்பில் பிள்ளை கடித்த தடம் இருக்கிறது என்பதை உடையவர்தான் சொல்ல வேண்டும். அடைவுச் சிட்டையோ, கலியாணப் படமோ, கடைப் பற்றுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். எதுவும் இல்லாதவர்கள் நினைவிலிருப்பதை இப்போதே எழுதி, நாளிட்டுக் கையெழுத்து வையுங்கள். ஆச்சிமாரைக் கேட்டு எழுதுங்கள். அட்டியலில் எத்தனை கல், எந்தக் கல் மாற்றியது, தோட்டின் சுரை எந்தப் பக்கம் நெளிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

எழுதி வைக்காத பொன்னுக்கும் சில சமயம் முகவரி திரும்பக் கிடைப்பதுண்டு. 1966இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒரு வியாபாரியிடமிருந்து 24 பொன் நகைகளை வாங்கியது. ட்ரோய்ப் புதையலில் உள்ளவற்றைப் போன்ற தோடுகளும் மணிகளும் அவற்றில் இருந்தன. எங்கிருந்து வந்தன என்பதற்கு எந்தக் கடதாசியும் இல்லை. அந்த உறுத்தலில், எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பழம்பொருளை இனி வாங்குவதில்லை என்று அந்த அருங்காட்சியகம் 1970இல் அறிவித்தது. அத்தகைய முடிவை எடுத்தவற்றில் அது முதன்மையானது. 2009இல் ட்ரோய் அகழ்வை நடத்திவந்த ஏர்ன்ஸ்ற் பேர்னிக்கா அந்த நகைகளை ஆராய்ந்தார். ஒரு தொங்கட்டானின் இடுக்கில் துளி மண் ஒட்டியிருந்தது. அதைப் பரிசோதித்தபோது, ட்ரோய்ச் சமவெளியின் மண்ணோடு அது பொருந்தியது. 2012இல் 24 துண்டுகளும் துருக்கிக்குத் திரும்பிப் போயின.