நிலநடுக்கத்திற்குப் படி வகுத்த பள்ளியாசிரியர்

இத்தாலி நாட்டு நேப்பிள்சு விரிகுடாவின் வாயிலிலே இசுக்கியா என்றொரு தீவு உண்டு. எரிமலைக் குழம்பாலும் சாம்பராலும் ஆக்கப்பட்ட நிலம் அது. நடுவே எப்போமியோ மலை. அதன் வடசரிவிலே கசமிச்சோலா என்னும் ஊர். அங்கு நிலப்பிளவுகளின் வழியே கொதிநீரும் ஆவியும் வெளிப்படும். நோய் தீர நீராடுவதற்கெனச் செல்வர் பலர் கோடைதோறும் அவ்வூரிலே தங்குவர். 1883 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் நாள் இரவு, நீராடற் பருவத்தின் நடுவே, அவ்வூர் சில கணப்பொழுதில் இடிந்து வீழ்ந்தது. 2,300 பேருக்கு மேல் மாண்டனர். பின்னாளிற் பெருஞ் சிந்தனையாளராய் விளங்கிய பெனதெத்தோ குரோச்சே அன்று 17 வயதினர். தாய் தந்தையரையும் உடன்பிறந்தாளையும் இழந்து, தாமும் இடிபாட்டினுட் பல மணிநேரம் புதையுண்டு கிடந்து மீண்டார்.

அவ்வழிவை ஆராய்ந்து நூலெழுதியோருள் ஒருவர் யூசெப்பே மேர்க்கல்லி என்னும் கத்தோலிக்கக் குரு. 1850 ஆம் ஆண்டு மே 21 இல் மிலான் நகரிற் பிறந்தவர். புவிச்சரிதவியலிற் புகழ்பெற்ற அன்தோனியோ ஸ்தொப்பானியிடம் பயின்றவர். 1872 இற் குருப்பட்டம் பெற்றுக் குருமடத்திலே இயற்கை விஞ்ஞானம் கற்பித்தவர். ரொஸ்மினி என்ற மெய்யியலாருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் முயற்சியை ஆதரித்தமையால் அப்பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. வடநாட்டாராகிய அவர் நாட்டின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜியோ நகரத்திலே பாடசாலை ஆசிரியரானார். 1892 இல் நேப்பிள்சு நகரத்து உயர்தரப் பாடசாலையொன்றுக்கு மாறினார். பாடசாலை மணிக்குக் கட்டுண்டு வாழ்வோர் ஆராய்ச்சிக்கு நேரமில்லை என்று நொந்துகொள்வதுண்டு. நானும் அவ்வாறு நொந்தவனே. மேர்க்கல்லியோ ஏறத்தாழ இருபது ஆண்டு அப்பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே வெசூவியசு மலையின் ஒவ்வொரு சீற்றத்தையும் குறித்து வெளியிட்டு வந்தார்.

நேப்பிள்சில் வாழ்வது இரண்டு நெருப்புக்களின் நடுவே வாழ்வதாகும். கிழக்கே வெசூவியசு. மேற்கே கந்தகப்புகை எழும் எரிவெளி. அங்குள்ள பொச்சுவோலி நகரில் உரோமர் காலத்துச் சந்தையின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆளுயரத்திற்கும் மேலே அவற்றிற் கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் காணப்படும். நிலமே தாழ்ந்து கடலுள் அமிழ்ந்து மீண்டும் எழுந்தமைக்கு அவை சான்று. இத்தகைய நிலத்தின் நடுக்கத்தை எங்ஙனம் அளப்பது? அக்காலத்துப் பொறிகள் சிலவே. அவையும் பெருநடுக்கத்திற் பழுதுறும். ஆனால் மனிதரும் வீடுகளும் எங்கும் உளர். ஓய்ந்திருந்தோர் மட்டும் உணர்ந்தனரா, உறங்கினோர் விழித்தனரா, தொங்கிய விளக்கு ஆடியதா, புகைக்கூண்டு வீழ்ந்ததா, கட்டடம் அடியோடு சரிந்ததா என்று ஊரூராகக் கேட்டறிந்து வரிசைப்படுத்தினால் நடுக்கத்தின் வன்மை புலப்படும். ரொஸ்ஸி, போரெல் என்னும் இருவர் முன்னரே வகுத்த பத்துப் படிகளை மேர்க்கல்லி திருத்தித் தெளிவாக்கி 1902 இல் வெளியிட்டார். பின்னர் கன்கானி அவற்றைப் பன்னிரண்டாக்கினார், சீபேர்க் விரித்தெழுதினார். இன்றும் உலகெங்கும் அவ்வளவை மேர்க்கல்லியின் பெயராலேயே வழங்குகின்றது.

1935 இல் ரிக்டர் வகுத்த பருமன் அளவு வந்தபின் இது எதற்கு என்று மாணவர் வினவலாம். பருமன் என்பது பிளவிலே வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. மேர்க்கல்லியின் படியோ ஓரிடத்தில் நேர்ந்த விளைவின் அளவு. 2017 ஆம் ஆண்டு ஓகத்து 21 இல் அதே கசமிச்சோலா மீண்டும் நடுங்கியது. பருமன் 4 மட்டுமே. பிறவிடங்களிற் பாத்திரங்களை அசைத்துச் செல்லக்கூடிய சிறு நடுக்கம். எனினும் வீடுகள் இடிந்தன, இருவர் மாண்டனர். பிளவு அசைந்த ஆழம் இரண்டு கிலோமீற்றர் அளவே. அதன் வன்மை முழுவதும் மேலிருந்த ஊரின்மீதே பாய்ந்தது. பருமன் எண்ணை மட்டும் கேட்டவர் அவ்வூரின் துயரை அறியார்.

வுல்கானோத் தீவில் 1888 முதல் 1890 வரை நிகழ்ந்த எரிமலைச் சீற்றத்தை அவர் ஆராய்ந்தமையும் குறிப்பிடத்தக்கது. குழம்பு ஓடாமல் இறுகிய வாயைப் பிளந்து கற்களையும் சாம்பரையும் வீசும் சீற்றத்திற்கு வுல்கானிய வகை என்னும் பெயர் அவ்வாராய்ச்சியிற் பிறந்ததே.

1906 ஏப்பிரிலில் வெசூவியசு பெருஞ்சீற்றங் கொண்டது. சாம்பரின் பாரந் தாங்காது சான் யூசெப்பே ஊர்த் தேவாலயத்தின் கூரை சரிந்து, வழிபடக் கூடியிருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1908 திசெம்பர் 28 ஆம் நாள் விடியுமுன் மெசீனா நீரிணையின் அடியிலுள்ள பிளவு அசைந்தது. நடுக்கத்தாலும் தொடர்ந்தெழுந்த கடற்பேரலையாலும் 75,000 பேருக்கு மேல் மாண்டனர். மெசீனாவோடு அழிந்த நகரம் ரெஜ்ஜியோ. மேர்க்கல்லி முன்னர் ஆசிரியராயிருந்த அதே ஊர். தாம் கற்பித்த பிள்ளைகள் வாழ்ந்த தெருக்களின் அழிவையே அவர் படி படியாக வகுத்தெழுத வேண்டியதாயிற்று.

1911 இல் வெசூவியசு அவதான நிலையத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அப்பொழுது வயது 61. அங்கே மூன்றாண்டும் நிறைவாக இருக்கவில்லை. 1914 மார்ச்சு 19 ஆம் நாள் அதிகாலை, நேப்பிள்சிலே அவர் உறைந்த வீட்டில் தீப்பற்றியது. இரவெல்லாம் விழித்து வேலை செய்யும் வழக்கமுடைய அவர், தம் அறையிற் கருகிய உடலாகக் காணப்பட்டார். மண்ணெண்ணெய் விளக்குக் கவிழ்ந்ததே காரணம் என்று கொள்ளப்பட்டது. பொருளைக் கவர வந்தோர் கொன்று தீ மூட்டினரோ என்ற ஐயமும் அக்காலத்தில் எழுந்தது, அது தீரவேயில்லை.