வெள்ளை ஆடையில் தெரிந்த பச்சை

உயர்தரப் பௌதிகவியலில் ஒளிமுறிவுக் கணக்குச் செய்யும் போதெல்லாம் இப்னுல் ஹைதம் என் நினைவுக்கு வருவார். ஏறக்குறைய கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் சொன்னது எகிப்தின் பாத்திமிய கலீபா அல்-ஹாகிமின் காதுக்கு எட்டியது. அழைப்பை ஏற்று வந்தவர், அஸ்வான் பக்கம் போய்ப் பார்த்ததும் அது நடக்காத காரியம் என்று விளங்கிக்கொண்டார். ஹாகிமோ உயிரைப் பறிக்கத் தயங்காதவர். அதனால் இவர் பைத்தியம் போல நடித்தார் என்றும், 1021இல் கலீபாவின் காலம் முடியும்வரை வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்தார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதியிருக்கிறார். அறிவையே சொத்தாகக் கொண்ட ஒருவர் அறிவில்லாதவராக நடித்துக் காட்டுவது எத்தனை பெரிய தண்டனை!

பின்னர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் அருகே குடியிருந்து, யூக்ளிட்டின் கணித நூலைப் பிரதி எழுதி விற்றுச் சீவித்தார்.

அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்க அறிஞர் பலர் நம்பியிருந்தனர். அப்படியானால் சூரியனைப் பார்க்கும்போது கண் ஏன் நோகிறது என்று இவர் யோசித்தார். எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்னொரு அவதானம். வெயில் விழும் அடர்ந்த செடிகளுக்குப் பக்கத்தில் வெள்ளை ஆடை அணிந்தவர் போனால், அந்த ஆடையில் இலேசாகப் பச்சை தெரியும். நிறம் இலையிலேயே ஒட்டிக்கிடந்தால் ஆடைக்கு எப்படி வந்தது? பொருளில் பட்ட ஒளியோடு சேர்ந்து நிறமும் எல்லாத் திசைகளிலும் புறப்படுகிறது, அதில் ஒரு பங்கு கண்ணை அடைகிறது என்பது அவர் கண்ட விடை. வெளிச்சம் மங்கினால் பளிச்சென்ற நிறங்களும் கறுத்துப்போவதை அவர் கவனித்திருந்தார்.

ஆனால் நிறம் பொருளுக்கே சொந்தமானது என்றுதான் அவர் கருதினார். வெள்ளொளிக்குள்ளேயே எல்லா நிறங்களும் இருக்கின்றன என்பதை நியூட்டன் அரியத்தைக் கொண்டு காட்டி, 1672இல் வெளியிட்டார். இலையிலுள்ள குளோரபில் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. பச்சையே அதிகமாகத் திரும்பி வருகிறது. தனிச் சிவப்பொளியில் அதே இலை கிட்டத்தட்டக் கறுப்பு. பாதி விடைதான் கிடைத்தது என்று இப்னுல் ஹைதமைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பாதி இல்லாமல் மீதி எங்கே நிற்கும்?

ஏறக்குறைய 1040இல் கெய்ரோவில் அவர் காலமானார். நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சானது. அங்கே அவர் பெயர் அல்ஹசன். பெற்றோர் வைத்த அல்-ஹசன் என்ற பெயர்தான் அது.