கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடிய நத்தார்

வரக்காப்பொலயில் டிசம்பர் பிறந்தால் கண்டி வீதிக் கடைகளில் நட்சத்திரக் கூடுகள் தொங்கத் தொடங்கிவிடும். எங்கள் இறப்பர் தோட்டத்து லயங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் நட்சத்திரம் கட்ட மூங்கில் கீறுவதில் சைவப் பிள்ளைகளே முன்னுக்கு நிற்பார்கள். நாங்கள் நத்தார் என்கிறோம், சிங்களவர் நத்தல என்கிறார்கள். இரண்டும் போர்த்துக்கீசரின் நத்தால் என்ற சொல்லிலிருந்து வந்தவை.

அந்த நத்தாரை ஒளித்துக் கொண்டாட வேண்டியிருந்த காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. யோசப் வாஸ் அடிகளின் கதை அந்தக் காலத்தின் கதைதான்.

1651 ஏப்ரல் 21 இல் கோவாவின் பெனாலிமில் பிறந்தவர் வாஸ். 1676 இல் குருவானார். அதற்கு முன்பே, 1658 இல், யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டு, ஆலயங்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே கடும் தண்டனை. கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கீசரின் ஆள் என்ற சந்தேகம். (சந்தேகத்தின் பேரில் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.)

1687 இல் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை போடுபவரின் பார்வை செபமாலையில் நின்றால், அது கத்தோலிக்க வீடு. சில்லாலையில் தங்கி, தமிழ் பேசி, இரவில் திருப்பலி வைத்தார்.

1689 நத்தார் இரவு. நள்ளிரவுத் திருப்பலிக்காக வீடுகளில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டார்கள். பிடிபட்டவர்கள் சுமார் 300 பேர் என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. தேடப்பட்ட வாஸ் அகப்படவில்லை. பெரும்பாலானோரை விட்டுவிட்டு, 8 ஆண்களை அடித்து வதைத்துக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். வாஸின் வாழ்க்கையை வாசிக்கும்போது என் மனம் நிற்பது இந்த இடத்தில்தான். வாஸுக்குச் சொரூபங்கள் உண்டு, திருநாள் உண்டு. கதவைத் திறந்துவிட்டுப் பிடிபட்டவர்களுக்கு எதுவும் இல்லை.

ஒரு வேடிக்கை: இன்று கொழும்பில் நத்தார் காலை மேசைக்கு வரும் புரூடர் கேக் அதே ஒல்லாந்தர் விட்டுப்போனது.

நத்தார் திருப்பலிக்குள் ஆயுதம் நுழைந்தது அந்த ஒரு முறை மட்டுமல்ல. 2005 நத்தார் நள்ளிரவில் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் வைத்து ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்ததும் ஓர் ஏப்ரல் 21, வாஸ் பிறந்த தேதி.

யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் வாஸ் புத்தளம் பக்கம் போனார். 1692 இல் கண்டிக்குப் போனபோது, அரசவையிலிருந்த லனரோல் என்ற பிரெஞ்சு புரட்டஸ்தாந்தர் இவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று சொல்லிவிட்டார். ஒல்லாந்தர் சந்தேகப்பட்ட அதே காரணம், இந்த முறை சிங்கள மன்னனின் சிறை. சும்மா இருக்கவில்லை, உள்ளேயே சிங்களம் படித்தார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு ஆதரவானான். மழையில்லாக் காலத்தில் வாஸ் செபித்ததும் மழை கொட்டியது என்பார்கள். நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. எனக்குப் பெரிதாகத் தெரிவது 1697 இல் கண்டியில் அம்மை பரவியபோது அவர் செய்தது. சொந்தக்காரரே கைவிட்டு ஓடிய நோயாளிகளை, மதம் பார்க்காமல், பக்கத்தில் இருந்து பராமரித்தார்.

கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16 இல் கண்டியில் இறந்தார்.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் போனார். ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய சனங்கள் மாதாவின் சொரூபத்தைக் கொண்டுபோய் வைத்த காடு அது. 2008 இல் ஷெல்லுக்குப் பயந்து அந்தச் சொரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது.