ஆலயக் கதவு திறக்கச் சட்டம் செய்த மூதறிஞர் இராஜாஜி

பெரும் பதவி வகித்தோர் பலரை நாடு சில காலத்தில் மறந்துவிடுகின்றது. அவர்கள் செய்த அறச்செயலே பின்னும் நிலைத்து நிற்கின்றது. பாரத தேசத்தின் மகாதேசாதிபதியாக வீற்றிருந்த ஒரே இந்தியரான சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜியின் வாழ்வு இதற்குச் சான்றாகும். ஆலயத்தை நாடும் அடியார்கள் அவசியம் அறிய வேண்டிய வாழ்வு அது.

அன்னார் 1878 டிசெம்பர் 10ஆம் திகதி, ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளிக் கிராமத்தில் வைணவ அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி கற்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலை ஆரம்பித்தார். கைநிறைய வருமானமும் புகழும் சேர்ந்தன. மனைவியார் இளவயதில் மறைந்தார். மறுமணம் செய்யாமலே பிள்ளைகள் ஐவரையும் வளர்த்தார். பின்னர் சேலம் நகரசபையின் தலைவராகவும் கடமையாற்றினார்.

1919இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள் இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். அத்தொடர்பு அவரது வாழ்வையே மாற்றியது. வழக்கறிஞர் தொழிலைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கி, வேலூர்ச் சிறையில் அடைபட்டார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆச்சிரமம் அமைத்து, குடிசையில் வாழ்ந்தபடியே கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகளைச் செய்தார். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது உடன் வந்தவர்களுள் இவரும் ஒருவர்.

1930 ஏப்ரல் 13ஆம் திகதி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சாவூர்க் கலெக்டர் அறிவித்தார். ஊர்மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்து அவர்களின் பசியாற்றினர். ஏப்ரல் 30ஆம் திகதி, வேதாரணியத்தில் உப்பெடுத்த இராஜாஜி கைதானார்.

தீண்டாமையை மேடையில் மட்டும் கண்டித்தவர் அல்லர் அவர். தமது மகள் இலட்சுமிக்கும் காந்தியடிகளின் மகன் தேவதாஸுக்கும் 1933இல் திருமணம் நிகழச் சம்மதித்தார். சாதி கடந்த திருமணம் பெரும் குற்றமாக எண்ணப்பட்ட காலம் அது.

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடனில் மூழ்கிய விவசாயிகளைக் காக்கச் சட்டம் இயற்றினார். 1939 யூலை 8ஆம் திகதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அமைச்சராக விளங்கிய கக்கனும் அவர்களுள் ஒருவர். பட்டர்களுள் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தனர், எதிர்ப்புக் கிளம்பியது. இராஜாஜியின் அரசு தயங்காமல் அவசரச் சட்டம் பிறப்பித்து ஆலயப் பிரவேசம் செய்வித்தோருக்குப் பாதுகாப்பளித்தது. அதே ஆண்டில் அது முறையான சட்டமாகவும் நிறைவேறியது. சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் நம் நாட்டில் வர 1957ஆம் ஆண்டாயிற்று என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

மனதுக்குச் சரியென்று பட்டதைச் சொல்வதில் அவர் எவருக்கும் அஞ்சியதில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு மாரி பொழிந்தன. அதே மாதத்தில் சென்னை நகரமும் அச்சத்தால் வெறிச்சோடியது. பகைவர் வாசலில் நிற்கையில் முஸ்லிம் லீக்குடன் இணக்கங்கண்டு தேசிய அரசு அமைப்பதே முறை என இராஜாஜி வாதிட்டார். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. அவர் கட்சியை விட்டு விலகினார். பலரது ஏச்சுக்கும் ஆளானார். எனினும் காந்தியடிகளுடனான அன்பு குன்றவில்லை.

சுதந்திரத்தின்பின் மேற்கு வங்க ஆளுநரானார். 1948 யூன் 21ஆம் திகதி மவுண்ட்பேட்டன் பிரபுவின் இடத்தில் இந்தியாவின் மகாதேசாதிபதியானார். இலங்கையில் இலங்கையர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது 1954இலேயே. பிரித்தானியப் பிரதிநிதிகள் வாழ்ந்த டில்லி மாளிகையில் இராஜாஜி கதராடையுடன் எளிமையாகவே வாழ்ந்தார். 1950 சனவரி 26ஆம் திகதி இந்தியா குடியரசானதும் அப்பதவி முடிவுற்றது.

1952இல் சென்னையின் முதலமைச்சரானார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளின் பாடசாலை நேரம் மூன்று மணித்தியாலமாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இது குலக்கல்வி என மக்கள் கொதித்தெழுந்தனர். கோயிற் கதவைத் திறக்கச் சட்டம் செய்தவரே பாடசாலைக் கதவைச் சாத்துகிறார் எனப் பலர் மனம் நொந்தனர். 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அவ்வாண்டே பாரத ரத்னா விருது அவருக்குக் கிட்டியது.

பதவி போனபின் எழுதுகோலை எடுத்தார். முன்னரே வியாசர் விருந்தாக மகாபாரதத்தைத் தந்திருந்தவர், கல்கி இதழில் சக்கரவர்த்தித் திருமகனாக இராமாயணத்தை எழுதினார். எழுத்துக்கூட்டி வாசிப்போரும் விளங்கிக்கொள்ளும் எளிய தமிழ் அது. அந்நூல் 1958இல் சாகித்திய அக்காதமி பரிசு பெற்றது. அவர் இயற்றி, எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய குறை ஒன்றும் இல்லை என்னும் கீர்த்தனம் ஆலயங்கள்தோறும் ஒலிக்கின்றது.

1972 டிசெம்பர் 25ஆம் திகதி, 94ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் கொள்கைகளில் ஏற்பனவும் ஏலாதனவும் உண்டு. ஆனால் இறைவன் சந்நிதியில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை என்பதைச் சட்டமாக்கிய அவரது துணிவு போற்றற்குரியது. திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் அனைவரும் ஒரே கயிற்றைத்தான் பிடிக்கின்றனர். அந்த ஒற்றுமை வருடம் முழுவதும் நம் ஆலயங்களில் நிலைபெற எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.