மின்விசிறியில் நிலைத்த பெயர்: உலக மின்துறைக்குப் பொது அளவுகளைத் தேடித்தந்த கர்னல் கிராம்ப்டன்

வாஷி: நவி மும்பையின் வாஷியிலோ, கடற்கழிக்கு அப்பால் உள்ள செம்பூர், மாட்டுங்கா கடைத்தெருக்களிலோ மின்பொருள் விற்கும் கடைக்குள் நுழைவோரின் கண்ணில் படும் பெயர்களுள் ஒன்று கிராம்ப்டன். மின்விசிறியிலும் நீரேற்று மோட்டாரிலும் பொறிக்கப்பட்டிருக்கும் அது ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலர் அறியார்.

ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் என்ற அந்த ஆங்கிலேயப் பொறியாளர் 1845-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். அவர் தொடங்கிய தொழில் நிறுவனம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால், அவர் பெயரைத் தாங்காத மற்றொரு படைப்பே அவரது பெருஞ்செயல் என்று கூற இடமுண்டு. உலகெங்கும் உள்ள மின்பொறியாளர் சங்கங்களை ஒன்றுகூட்டிப் பொதுவான சொற்களையும் அளவுகளையும் வகுத்த பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமே அது. ஐஇசி என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது.

இயந்திரப் பித்து அவருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பிடித்துவிட்டது. 1851-இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியை ஆறு வயதுச் சிறுவனாகக் கண்டார். கிரீமியப் போர் நடந்தபோது உறவினர் ஒருவரின் தலைமையில் இருந்த போர்க்கப்பலில் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டு, செவஸ்தபோல் முற்றுகைக் களம் வரை சென்று, போர்ப் பதக்கமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினொன்றுகூட நிறையவில்லை. ஹாரோ பள்ளியில் பயின்ற காலத்தில், விடுமுறை நாள்களில் சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்றைத் தம் கைப்படவே உருவாக்கத் தொடங்கினார்.

1864-இல் ராணுவ அதிகாரியாக இந்தியாவுக்குக் கப்பலேறினார். மாட்டு வண்டிகளின் நீண்ட வரிசைகளால் நடைபெற்ற ராணுவப் போக்குவரத்து அவருக்குப் பொறுக்கவில்லை. நீராவி இழுபொறிகளைச் சாலையில் ஓட்டலாம் என்று மேலதிகாரிகளை விடாது வற்புறுத்தினார். வைஸ்ராயாக இருந்த மேயோ பிரபு இசைவளித்தார். அரசின் நீராவிச் சாலை வண்டித் துறைக்கு கிராம்ப்டனே கண்காணிப்பாளர் ஆனார். ரப்பர் பூண்ட சக்கரங்கள் கொண்ட அந்த இழுபொறிகள் இங்கிலாந்தில் உருவாயின. செனாப் ஆற்றின் பெயர் சூட்டப்பட்ட பொறி ஒன்றை 1871-இல் இப்ஸ்விச் நகரிலிருந்து எடின்பரோ வரை சாலையிலேயே ஓட்டிச் சென்று சோதித்த பின்னரே, அத்தகைய பொறிகள் பஞ்சாபின் பெருவழிச் சாலைக்கு வந்தன. ரயில் பாதைகள் விரிந்ததும் அம்முயற்சி ஒளி மங்கியது.

1870-களின் நடுப்பகுதியில் ராணுவத்தை விட்டு விலகிய அவர், செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார். இரும்பு வார்ப்பாலை ஒன்றில் இரவுப் பணிக்கு வெளிச்சம் தேவைப்பட்டபோது, பாரிஸிலிருந்து டைனமோவும் ஆர்க் விளக்குகளும் தருவித்துப் பொருத்தினார். அந்த விளக்குகளின் குறைகளைத் தாமே திருத்த முனைந்ததிலிருந்து அவரது மின்வாழ்வு தொடங்கியது. 1878-இல் கிராம்ப்டன் அண்ட் கம்பெனி உருவாயிற்று. அரண்மனைகளும் ரயில் நிலையங்களும் அவரது விளக்குகளைப் பெற்றன. வியன்னாவின் அரசு ஓபரா அரங்கிற்கும் அவரது நிறுவனம் மின்னொளி ஏற்றியது.

1880-களின் பிற்பகுதியில் லண்டனின் கென்சிங்டன் கோர்ட் பகுதியில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் நிலையத்தை அமைத்தார். அதே பகுதியில் தாமும் வீடு கட்டிக் குடியேறினார். நேர்திசை மின்னோட்டமே அவர் பற்றிக்கொண்ட முறை. பகலில் சேமிப்பு மின்கலங்களை நிரப்பி, பின்னிரவில் இயந்திரங்களை நிறுத்திவிடலாம் என்பது அவரது வாதங்களுள் ஒன்று. எதிரணியில் இளைஞர் செபாஸ்டியன் ஃபெராண்டி நின்றார். டெப்ட்ஃபோர்டில் பெரும் நிலையம் எழுப்பி, 10,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை லண்டனுக்குள் கொண்டுவர முயன்றவர் அவர். இருவரும் சங்கக் கூட்டங்களில் கடுமையாக மோதினர்.

தொலைதூர மின்கடத்தலைப் பொறுத்தவரை அவ்வழக்கில் காலம் ஃபெராண்டியின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்காக கிராம்ப்டனின் வாதம் வெறும் பிடிவாதமாகிவிடாது. வாஷி வழியாகச் செல்லும் மும்பையின் ஹார்பர் வழித்தடமே இதற்குச் சான்று. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது இவ்வழித்தடத்தில்தான். அது ஓடியது 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில். 1992-இல் கடற்கழியைக் கடந்து ரயில் வாஷிக்கு வந்தபோதும் அதே மின்னோட்டம் தொடர்ந்தது. 25,000 வோல்ட் மாறுதிசைக்கு அத்தடம் மாறியது 2016-இல்.

ஊருக்கு ஒரு முறை, நிறுவனத்திற்கு ஓர் அளவு என்ற நிலை அக்காலத்தில் எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு லண்டனே எடுத்துக்காட்டு. முதல் உலகப் போர்க் கால நிலவரப்படி, அந்நகரில் 10 வகை அதிர்வெண்களிலும் 24 வகை மின்னழுத்தங்களிலும் மின்சாரம் வழங்கப்பட்டது. ஒரு தெருவில் எரியும் விளக்கை அடுத்த பகுதியின் வீட்டிற்குக் கொண்டுபோனால் பயன்படாமல் போகலாம்.

விற்பனையில் குழப்பம் இன்னும் ஆழமானது. ஒரு மோட்டார் 20 குதிரைத்திறன் கொண்டது என்று விற்பவர் எழுதிக் கொடுக்கிறார். எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடினால்? எவ்வளவு சூடேறும் வரை? சுற்றுப்புற வெப்பம் எவ்வளவு இருக்கும்போது? ஒவ்வொரு நாட்டுத் தயாரிப்பாளரும் தத்தமக்கு உகந்த விடையை வைத்திருந்தார். லண்டனின் குளிரில் தாக்குப்பிடிக்கும் கம்பிச்சுற்று, கொல்கத்தாவின் வெயிலில் கருகிப்போனால் யாரை நோவது? 1890-களில் மின்திட்டப் பணிகளுக்காக மீண்டும் இந்தியா வந்த கிராம்ப்டனுக்கு இச்சிக்கல் ஏட்டளவில் மட்டும் தெரிந்ததன்று.

இந்நிலையில் 1904 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பன்னாட்டு மின்னியல் மாநாடு கூடியது. பிரிட்டிஷ் மின்பொறியாளர் நிறுவனத்தின் சார்பில் சென்ற கிராம்ப்டன், பொது அளவுகளின் தேவையை அங்கு வலியுறுத்தினார். மின்கருவிகளின் பெயர்களையும் திறன் மதிப்பீடுகளையும் ஒருமைப்படுத்த, உலகின் தொழில்நுட்பச் சங்கங்கள் இணைந்து ஓர் ஆணையம் காண வேண்டும் என்று அரசுப் பிரதிநிதிகளின் அவை தீர்மானித்தது. அரசுகளைக் காட்டிலும் பொறியாளர் சங்கங்களை நம்பிய தீர்மானம் அது. அதைச் செயல்படுத்தும் சுமை கிராம்ப்டனின் தோளில் ஏறியது. அப்போது அவருக்கு வயது 59.

நாடு நாடாகச் சங்கங்களுக்கு எழுதி, ஒப்புதல் திரட்டி, 1906 ஜூன் இறுதியில் லண்டனில் முதற்கூட்டத்தை நடத்திக் காட்டினார். ஐரோப்பிய நாடுகளுடன் அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் வந்தனர். இயற்பியலறிஞர் கெல்வின் பிரபு முதல் தலைவரானார். கிராம்ப்டன் கௌரவச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். அன்றாடப் பணிகளைச் சார்லஸ் லெ மேஸ்ட்ர் கவனித்தார். தமது முறையே சிறந்தது என்று வாதாடிய ஒரு தொழிலதிபர், எவருடைய முறைக்கும் சாயாத மேடையை அமைக்க முன்வந்தது வியப்புக்குரியதே.

1914-க்குள் சொற்கள், குறியீடுகள், மின்பொறிகளின் திறன் மதிப்பீடு, இயக்குபொறிகள் ஆகியவற்றுக்கு நான்கு தொழில்நுட்பக் குழுக்கள் அமைந்தன. 1913-இல் பெர்லினில் கூடியபோது ஆணையம் செம்புக் கம்பிக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட பதப்படுத்திய செம்புக் கம்பியின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓர் ஓமின் 58-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். செம்பின் கடத்துதிறனை விழுக்காட்டில் கூறும் வழக்கம் இன்றும் இந்த அளவுகோலையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. அதிர்வெண்ணின் அலகுக்கு ஹெர்ட்ஸ் என்ற பெயரை 1930-இல் ஏற்றதும் இவ்வாணையமே. மோட்டாரின் திறனை மதிப்பிடச் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி எனக் கொள்ளும் நடைமுறை இன்று நிலைபெற்றுள்ளது. சென்னையின் கத்திரி வெயிலை அறிந்தோர்க்கு அந்த எண்ணின் அருமை புரியும்.

எல்லாம் கைகூடியது என்றும் சொல்லிவிட முடியாது. ஆணையம் பிறக்கும் முன்பே டோக்கியோ ஜெர்மன் இயந்திரங்களை வாங்கி 50 ஹெர்ட்ஸிலும், ஒசாகா அமெரிக்க இயந்திரங்களை வாங்கி 60 ஹெர்ட்ஸிலும் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டன. ஒரே நாடு இரண்டு அதிர்வெண்களாகப் பிளந்தது. 2011 மார்ச் மாத நிலநடுக்கத்தில் கிழக்கு ஜப்பானின் மின்நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து சிறிதளவு மின்சாரத்தையே மாற்றி அனுப்ப முடிந்தது. நூறாண்டுகளுக்கு முந்தைய கொள்முதல் முடிவுக்கு டோக்கியோ மக்கள் சுழற்சி முறை மின்தடையாக விலை கொடுத்தனர்.

இந்தியாவுக்கு அந்நிலை வரவில்லை. 50 ஹெர்ட்ஸ் நாடு முழுவதும் பரவியிருந்ததால், பிராந்திய மின்தொகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க இயன்றது. இறுதியாக 2013 டிசம்பர் 31-ஆம் நாள், கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் தொகுப்போடு ஒத்திசைந்தது. திருநெல்வேலியில் சுழலும் மின்விசிறியும், அங்கிருந்து வந்து வாஷியில் குடியேறியவர் வீட்டு மின்விசிறியும் அன்று முதல் ஒரே அலையில் இயங்குகின்றன.

கிராம்ப்டன் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் இயல்பினர் அல்லர். மின்பொறியாளர் நிறுவனத்தின் தலைவராக இருமுறை பொறுப்பு வகித்தார். போயர் போரில் மின்பொறியாளர் தன்னார்வப் படையைத் தென்னாப்பிரிக்காவுக்கு நடத்திச் சென்று தேடொளி விளக்குகளை இயக்கினார். கர்னல் என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அதன் பின்னரே. எழுபது வயதில், முதல் உலகப் போரின் பீரங்கி வண்டிகளை வடிவமைக்கும் குழுவுக்கு ஆலோசகராகவும் விளங்கினார். ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது 1933-இல். 88-ஆம் வயதில் கிடைத்த அப்பெருமை சற்றுத் தாமதமானதே.

அவரது நிறுவனம் 1927-இல் பார்க்கின்சன் நிறுவனத்தோடு இணைந்து கிராம்ப்டன் பார்க்கின்சன் ஆனது. அதன் இந்தியக் கிளை 1937-இல் பம்பாயில் பதிவு பெற்றது. பிற்காலத்தில் கிராம்ப்டன் கிரீவ்ஸ் என்று பெயர் மாறி, முழுக்க இந்தியர் கைக்கு வந்தது. இந்நிகழ்வுகளில் பிற்பகுதியை அவர் காணவில்லை. 1940 பிப்ரவரி 15-ஆம் நாள், தாம் பிறந்த யார்க்‌ஷயரிலேயே, 94-ஆம் வயதில் காலமானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆணையத்தின் தலைமையகம் 1948-இல் லண்டனிலிருந்து ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்தது. பெருமின்கடத்தல் அமைப்புகளுக்காக 1921-இல் பாரிஸில் தோன்றிய சிக்ரே, அமெரிக்காவின் இரு பொறியாளர் சங்கங்கள் 1963-இல் இணைந்து உருவான ஐஇஇஇ ஆகியவையும் இதே துறையில் தொண்டாற்றி வருகின்றன. இவற்றின் குழுக்களில் அமர்ந்து வரைவுகளை வரிவரியாக ஆராயும் பொறியாளர்களில் பெரும்பாலோர் அந்த அமைப்புகளிடமிருந்து ஊதியம் பெறாதவர்கள். தத்தம் நிறுவனப் பணிகளுக்கிடையே இதையும் செய்பவர்கள்.

இந்தியாவில் 1947 ஜனவரியில் இந்தியத் தர நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐஎஸ்ஐ முத்திரையை மக்களுக்கு அறிமுகம் செய்த அந்நிறுவனத்தின் வழித்தோன்றலான இந்தியத் தர நிர்ணய அமைவனம், இன்று ஆணையத்தில் நாட்டின் சார்பில் அங்கம் வகிக்கிறது. கிராம்ப்டன் தொடங்கிவைத்த ஆணையத்தின் பொதுக்கூட்டம் 1960-இல் புதுடெல்லியில் நடைபெற்றது. அண்மையில் 2025 செப்டம்பரிலும் உலக நாடுகளின் மின்பொறியாளர்கள் அதே நகரில் கூடினர்.